உம்மாவின் காது

வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையிலுள்ள தங்கை வீட்டுக்கு உம்மாவை எங்கள் பழைய வேனில் அழைத்துப் போவேன். வழியில் கிராஅத் கேட்பது உம்மாவுக்கு உயிர்.

மகன் அம்ப்ளிபயர் ஒன்றைப் பூட்டிய நாளிலிருந்து கிராஅத்தோடு 'ஙீ' என்றொரு இரைச்சலும் சேர்ந்தது. சில வாரங்களில் உம்மா, "அத நிப்பாட்டு மகன்" என்று சொல்லத் தொடங்கினார். காரணம் சொல்லவில்லை. கடையொன்றில் செட்டையே மாற்றச் சொன்னார்கள். மத்ரஸா சம்பளத்தில் நடக்கிற காரியமா?

பிழையைப் பிடித்தவர் என் மனைவி. "எக்ஸிலேட்டரை மிதிச்சா ஏறுது, எஞ்சினை நிப்பாட்டினா இல்ல. அப்ப பிழை செட்டிலயா?"

சகோதரிகளே, விஷயம் இதுதான். பற்றரிக்கு மின்னேற்றும் அல்டர்நேட்டரில் பிறப்பது ஆடலோட்ட மின்சாரம். டயோடுகள் அதை நேரோட்டமாக்கினாலும் சிறு அலை எஞ்சும். ஏர்த் வயர் சரியாகப் பிடிக்காவிட்டால் அது ஒலி வயர் வழியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். எஞ்சின் வேகத்தோடு இரைச்சல் ஏறுவது அதனால்தான்.

எலெக்ட்ரிக் பாஸ் முதலில் பற்றரியின் நெகடிவ்வைக் கழற்றினார். அம்ப்ளிபயரின் ஏர்த் வயர், பெயின்ட் பூசிய தகட்டின் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. (மகன் தலையைக் குனிந்துகொண்டான்.) பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கினார். ஒன்றாகக் கட்டியிருந்த பற்றரி வயரையும் ஒலி வயரையும் பிரித்து, வேனின் இரு பக்கமாக இழுத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளி, பம்பலப்பிட்டி தாண்டியதும் உம்மா முன்னே சாய்ந்தார்.

"அந்தச் சத்தம் வேன்லயா இருந்திச்சி? என்ட காதுதான் போகுதெண்டு பயந்து ஒருத்தருக்கும் சொல்லல்ல, மகன்."