நாடி எண்ணிய கை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எம் நினைவுக்கு முதலில் வந்தது கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடமேயாகும். மைதானத்தை ஒருமுறை சுற்றி ஓடிவரச் செய்து, ஒருவர் நாடியை மற்றவர் எண்ணுமாறு எம் ஆசிரியர் பணிப்பார். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தல் ஆகாது. முழு நிமிடமும் எண்ணல் வேண்டும் என்பது அவர் கட்டளை. அதனை யாம் அன்று விளையாட்டாகவே கொண்டோம்.

ஆண்டுகள் பல கழிந்தன. 2017 ஆம் ஆண்டு, இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகிய கொடிய காலம். யாம் கடமையாற்றிய சிறுவர் விடுதியில் ஏழு வயதுப் பாலகன் ஒருவன் கிடந்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது. தாயார் மகிழ்ந்து கைகூப்பினார். ஆயின், டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில் அபாயம் தலைகாட்டுவது பெரும்பாலும் அவ்வேளையிலேதான். குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களினின்றும் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்கும். இக்கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நிகழும். பாலகனின் கைகால்கள் குளிர்ந்தன, நாடி மெலிந்தது. சேலைன் ஏற்றினோம், தேறினான்.

கசிவு நின்றதும், வெளியேறிய நீர் மீண்டும் குருதிக்குழாய்களுக்குள் திரும்பும். அதனை அறிந்திருந்தும், அச்சத்தினால் சேலைனைக் குறைக்க யாம் தாமதித்தோம். நள்ளிரவில் பாலகனுக்கு மூச்சு முட்டியது. எக்கோப் பரிசோதனை, இருதயத்தின் சுருங்கும் வலிமை குன்றியிருத்தலைக் காட்டிற்று. டெங்கு இருதயத் தசையையும் வருத்தவல்லது. தளர்ந்த அவ்விருதயத்தின்மீது மிகைநீரைச் சுமத்தியவர் யாமே! சேலைனை நிறுத்தி, ஒட்சிசனும் சிறுநீர் போக்கும் மருந்தும் அளித்தோம். விடியுமுன் மூச்சு இலகுவாயிற்று.

மறுநாள் நாடி நிமிடத்துக்கு 54 ஆகத் தாழ்ந்தது. நோய் தணியும் பருவத்தில் இம்மந்தம் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் தானே சீராகும். எனினும், அருகமர்ந்து முழு நிமிடமும் எண்ணினோம். அக்கணம் ஆசிரியரின் குரல் எம் செவியில் ஒலித்தது. சில நாளில் நாடி சீராயிற்று. பாலகன் நடந்தே வீடு சென்றான்.

இளைய மாணவர்காள்! காய்ச்சல் தணிதல் நோய் நீங்குதலாகாது. அவ்வேளை வாந்தி, வயிற்றுநோ, சோர்வு, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் கண்டால் உடனே வைத்தியசாலை செல்க. அஸ்பிரின் கொடாதீர். சிரட்டையிலும் பீலியிலும் தேங்கும் நீரை அகற்றி நுளம்பை ஒழிப்பீர்.

எண்ணக் கற்பித்த ஆசிரியர்க்கும், அவரை எமக்களித்த கல்லூரி அன்னைக்கும் எம் வணக்கம்.