தகுதியான ஆள்

கனடாவில் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தின் உள்பக்கங்களை ஒருவரும் வாசிப்பதில்லை. நான் வாசிப்பேன். என் பிழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. அநேகமான பத்திரங்களில் இப்படி ஒரு நிபந்தனை இருக்கும்: குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால், தகுதியான ஆள் ஒருவர் தினமும் உள்ளே போய் வீடு சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது தண்ணீரை நிற்பாட்டி, பைப்புகளை வடித்துவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் பைப் உறைந்து வெடித்தால் நட்டஈடு கிடையாது.

அந்தத் தகுதியான ஆள் நான்தான். மார்கழி, தை மாதங்களில் ஸ்கார்பரோவில் ஏழெட்டு வீட்டுத் திறப்புகள் என் இடுப்பில் தொங்கும். வீட்டுக்காரர் எல்லாம் எங்கட சனம். யாழ்ப்பாணத்துக்கு, சென்னைக்கு, கலியாணம், சங்கீத சீசன் என்று பறந்துவிடுவார்கள்.

பைப் எப்படி வெடிக்கும் என்று வெயிலில் இருக்கிற தோழர்கள் கேட்கலாம். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு மட்டில் ஊதும். ஐஸ் பைப்பை அடைத்துக்கொண்டு வளர, அதற்கும் பூட்டிய குழாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்த அமுக்கத்தில் செப்புப் பைப்பே கிழியும். ஐஸ் நிற்கிற இடத்தில்தான் கிழியும் என்றும் இல்லை. உறைந்திருக்கும் மட்டும் ஒரு சத்தமும் இராது. இளகின பிறகுதான் வெள்ளம். மேல்மாடியில் கிழிந்தால் பேஸ்மென்ற் வரைக்கும் சுவரெல்லாம் ஊறி வரும்.

நான் செய்வது பெரிய வித்தையில்லை. தேர்மோஸ்ராற்றை 13 டிகிரிக்குக் கீழே போகவிடுவதில்லை. நான் 15இல் வைப்பேன். வெளிச்சுவரோடு ஒட்டிய பேசின்களுக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பேன், வீட்டுச் சூடு பைப்பில் பட வேண்டும். அறைக் கதவுகளைப் பூட்டவிடமாட்டேன். தோட்டக் குழாய்க்கு உள்ளே இருக்கிற வால்வைப் பூட்டி, வெளியே திறந்து வடித்துவிடுவேன். புதிய ஃபேர்னஸ்களுக்குப் புகைக்கூடு கிடையாது. சுவரோரமாக இரண்டு பிளாஸ்ரிக் பைப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்னோ குவிந்து அதை மூடினால் ஃபேர்னஸ் தானே நின்றுவிடும். ஆகவே சவளும் கையுமாகத்தான் போவேன். கரண்ட் போனாலும் இதே கதைதான். காஸ் இருந்து என்ன, காற்றைத் தள்ளுகிற மோட்டருக்குக் கரண்ட் வேண்டும். 2013 மார்கழி ஐஸ் புயலில் ரொறன்ரோவில் லட்சக்கணக்கான சனம் இருட்டிலும் குளிரிலும் கிடந்தபோது நான் இரவு பகலாக ஓடினேன்.

இனி விசயத்துக்கு வாறன்.

புதிதாக ஒரு வீடு வந்தது. அந்த அக்கா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டா: "தம்பி ஊரிலை எவடம்?"

சொன்னேன்.

"அங்கை எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு வயது ஆயிரம் இருக்கும், அது விமானமேறி வந்து எத்தனையோ வருசமாச்சு. கோயிலடிப் பக்கமா, பனங்கூடல் பக்கமா என்று தெரிந்தால் போதும், மிச்சம் தானாக விளங்கும். நான் பனங்கூடல் பக்கம் என்றேன். அவவின் முகம் மாறவில்லை. கனடாவில் அவ்வளவு பழகிவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னா: "குசினிக்குள்ளை போகத் தேவை வராதுதானே தம்பி? சாமி அறையும் பூட்டித்தான் இருக்கும்."

அந்த வீட்டில் குசினிக்குக் கதவே இல்லை. ஹோலோடு சேர்ந்த திறந்த குசினி. ஆனாலும் அவவுக்கு அங்கே ஒரு கோடு தெரிகிறது.

என் அம்மா குடத்தோடு கிணற்றடியில் நின்ற காலம் எனக்கு நல்ல ஞாபகம். துலாவில் கை வைக்கக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. ஆராவது ஒருத்தி வந்து இரங்கி வார்க்கும்வரை நிற்க வேணும். சாதிக் குறைபாடுகளைத் திணிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது 1957இல். மாவிட்டபுரம் கோயில் வாசலில் எங்கள் ஆட்கள் அடிவாங்கியது 1968இல். அதற்குப் பிறகும் அம்மா நின்றா. கே. டானியல் 'தண்ணீர்' என்ற பேரிலேயே நாவல் எழுதினார். சும்மா எழுதவில்லை.

நான் அக்காவுக்குச் சண்டை பிடிக்காமல் விளங்கப்படுத்தினேன். உங்கட வீட்டிலை முதலிலை உறையக்கூடியது குசினிப் பைப்தான், வடக்குச் சுவர். சாமி அறையைப் பூட்டினால் அதுக்குள்ளை சூடு போகாது. அதுக்குப் பின்சுவரிலைதான் பாத்ரூம் பைப் ஏறுது.

"அப்ப தண்ணியைப் பூட்டிவிட்டால்?"

"பூட்டலாம் அக்கா. மீற்றருக்குப் பக்கத்திலை மெயின் வால்வு. ஆனால் பைப்பிலை நிக்கிற தண்ணியை வடிக்க வேணுமே? குசினிக் குழாயையும் நான்தான் திறக்க வேணும். பேசினுக்குக் கீழை வளைவிலை நிக்கிற தண்ணிக்கு ரோஸ் நிற அன்ரிஃபிரீஸ் ஊத்த வேணும், காருக்கு விடுகிற நஞ்சை ஊத்தேலாது. எப்பிடிப் பார்த்தாலும் நான் குசினிக்குள்ளை வருவன்."

வேறு ஆள் பார்க்கச் சொல்லி எழும்பினேன். ஒரு வீட்டுக் காசு போனால் எனக்கு நட்டம்தான், அந்த மாதம் வாடகை இடிக்கும். அவவுக்கோ மற்ற நாள் விமானம். திறப்பை மேசையில் வைத்தா. கையில் தரவில்லை, மேசையில் வைத்தா. எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் ஒரு இரவு மைனஸ் 24, காற்று வேறு. விடியப் போனால் ஸ்னோ சுவரோரம் என் இடுப்பளவு. உள்ளே 6 டிகிரி. ஃபேர்னஸ் நின்றுவிட்டது. வெளியே வெட்டி வாயைத் திறந்து, சுவிச்சை நிற்பாட்டிப் போட, பற்றியது. குசினியில் தண்ணீர் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, வெடிப்பு இருக்கா என்று ரோச் அடித்துப் பார்த்தேன், இல்லை. தலைமயிர் காயவைக்கிற மெசினை எடுத்துக்கொண்டு நிலத்தில் படுத்தபடி அலுமாரிக்குள் தலையை விட்டேன். குழாய்ப் பக்கமிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி மெல்ல மெல்லப் போக வேண்டும். நெருப்பு பிடிக்கிறவர்களும் உண்டு, வீட்டையே எரித்துவிடுவார்கள். ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம். முதலில் இருமினது, பிறகு துளி, பிறகு தாரை. அங்கே கிடந்த ஒரு கிளாஸில் பிடித்துக் குடித்தேன். சரியான தாகம்.

யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "பைப் உடையேல்லைத்தானே?" என்றா. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வேறை ஒண்டும் தொடேல்லைத்தானே தம்பி?"

"தொட்டனான் அக்கா. கிளாஸ் ஒண்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறன்."

இந்த மார்கழிக்கும் அவ போகிறா. போன கிழமை கூப்பிட்டா. கூலியைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். சாமி அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லியும் இருக்கிறேன்.