குமிழ் சொல்லாத கணக்கு

மே 4, திங்கள்
அக்கினி நட்சத்திரம் பிறந்தாயிற்று. காலையில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்த பால், ராத்திரி அடுப்பில் வைத்ததுமே திரிந்துபோனது. நேற்று அரைத்த மாவும் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. "குமிழ் 3-லதானே இருக்கு" என்கிறார் இவர். அந்த 3 டிகிரிக் கணக்கு இல்லை. எங்கள் பெட்டியில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். உள்ளே எத்தனை டிகிரி என்பதைக் குமிழ் சொல்லாது. தெர்மாமீட்டர் வாங்கிவந்து, டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் காற்றின் சூடு சட்டென்று ஏறும். சாப்பாட்டின் நிலைமையைத் தண்ணீர்தான் காட்டும்.

மே 5, செவ்வாய்
காலையில் 9 டிகிரி! 5-க்குக் கீழே இருந்தாக வேண்டும். 4 இருந்தால் நிம்மதி. பால் நின்ற கதவுத்தட்டு இன்னும் மோசம், 12. எனக்குப் பெரிய கவலை அத்தையின் இன்சுலின். பிரிக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 டிகிரிதான் கணக்கு. டாக்டரிடம் போனில் கேட்டு, அவர் சொன்னபடி இந்தக் குப்பிகளை முதலில் பயன்படுத்துகிறோம். "ஐஸ் பெட்டிகிட்ட வச்சா நல்லா குளுந்து இருக்குமேம்மா" என்றார் அத்தை. உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது என்று சொல்லி, டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வைத்தேன்.

மே 6, புதன்
கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன். மேலே பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, "ரப்பர் இறுகிப்போச்சுக்கா, சூடு உள்ள போய்க்கிட்டே இருக்கு" என்றார். பின்பக்கக் கம்பிகளில் ஒட்டடை. பெட்டியும் சுவரோடு ஒட்டி நின்றது. புது ரப்பர் போட்டு, தூசி தட்டி, ஒரு சாண் முன்னால் நகர்த்தினோம். ஃப்ரீசரில் விரற்கடைத் தடிமனுக்குப் பனி. கத்தியால் கொத்தினால் குழாய் ஓட்டையாகிவிடும், அணைத்துவிட்டு உருகவிட்டோம்.

மே 7, வியாழன்
5.

மே 8, வெள்ளி
குமிழை 4-க்குத் திருப்பியதில் இன்று 4 டிகிரி. மத்தியானச் சாம்பாரை அகலப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து உள்ளே வைத்தேன். குண்டானோடு வைத்தால் நடுவில் மணிக்கணக்காகச் சூடு நிற்கும். வெளியில் விடவும் முடியாது: 32 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கெடு.

மே 12, செவ்வாய்
மாதாந்திரப் பராமரிப்பு, 9 மணிக்குப் போன கரண்ட் 5 மணிக்குத்தான் வந்தது. கதவைத் திறக்காவிட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதனால் உறைந்த தண்ணீர் பாட்டில்களை முன்கூட்டியே தட்டுகளில் அடுக்கியிருந்தேன். இன்சுலின் டப்பாவில் படாமல்தான். சாயங்காலம் 7 டிகிரி. நேற்றைய சோற்றைக் கொட்டும்போது அத்தைக்கு மனசே இல்லை: "வாடை ஒண்ணும் இல்லையே, சூடு பண்ணிக்கலாம்." சோற்றில் வரும் ஒரு கிருமியின் நஞ்சு கொதித்தாலும் போகாது, வாடையிலும் தெரியாது. எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அடுத்த பராமரிப்பு நாளுக்கு முந்தின ராத்திரி அளவாகத்தான் வடிப்பது என்று பேசிவைத்திருக்கிறோம்.