ஊமைப் பெட்டிக்கு வாய் வந்தது

எங்கள் வீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. என் மாமனார் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். 1987-ல் ஜப்பானில் கோபே துறைமுகத்தில் கப்பல் நின்றபோது தம் இரண்டு பிள்ளைகளுக்காக ஆசை ஆசையாய் வாங்கி வந்தது. அதற்கு என் மாமியார் வைத்த பெயர் 'ஊமைப் பெட்டி'.

2001-ல் நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோதே அந்தப் பெயர் வீட்டில் நிலைத்துப் போயிருந்தது. டெலிவிஷனில் மாட்டி, சின்னச் சின்னச் சக்கரங்களைத் திருகித் திருகிப் பார்த்தால் படம் வருமாம். அதுவும் கறுப்பு வெள்ளையில், மழை பெய்கிற மாதிரிப் புள்ளி புள்ளியாக. சத்தம் என்பது பேருக்குக்கூடக் கிடையாது. அன்றைக்குக் கொண்டுபோய்க் காட்டின மெக்கானிக் ஒருவர், "பழுதான சாமானைத் தலையில கட்டிட்டான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். போதாததற்கு, தொண்ணூறுகளில் இதே மாதிரி விளையாட்டுப் பெட்டி நம் ஊர்க் கடைகளிலேயே மலிவு விலைக்கு வந்தது. 'டிவி கேம்' என்போமே, அதுதான். தெருவில் நாலு வீட்டில் கலரும் சத்தமுமாக அது ஆடிக் கொண்டிருக்க, ஜப்பானிலிருந்து வந்த அசல் மட்டும் எங்கள் பரணில் ஏறிவிட்டது. "ரெண்டு மாச சம்பளத்தைக் கொண்டுபோய் ஊமைப் பெட்டிக்குக் கொட்டினவராச்சே!" என்று அத்தை சொல்லாத தீபாவளி இல்லை. மாமா ஒரு வார்த்தை பதில் பேச மாட்டார். எனக்குத்தான் மனசு சங்கடப்படும்.

2025-ல் என் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியை இறக்கினான். இரண்டு நாள் எதையெதையோ படித்துவிட்டு வந்து, "அம்மா, இது பழுதே இல்லம்மா. இது பேசுறது ஜப்பான் பாஷை, நம்ம டிவிக்குப் புரியலை, அவ்வளவுதான்" என்றான்.

அவன் விளக்கினதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். இதன் பெயர் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15-ம் தேதி ஜப்பானில் வெளியிட்டது. விலை 14,800 யென். மசாயுகி உவேமுரா என்ற இன்ஜினீயர் வடிவமைத்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான டெலிவிஷன்களில் ஆன்டெனா துளை ஒன்றுதான் இருக்கும். ஆகவே இந்தப் பெட்டி, தான் போடுகிற படத்தையும் சத்தத்தையும் ஒரு டெலிவிஷன் நிலையம் அனுப்புகிற மாதிரி அலையாக மாற்றி அந்தத் துளை வழியே அனுப்புகிறது. டெலிவிஷன் அதைத் திரும்பப் பிரித்துக் காட்ட வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சேதி சொல்ல, அதைத் தபாலில் போட்டு அனுப்புகிற கதைதான்! போகிற வழியில் பாதி அழிந்து போகிறது.

தபால் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் முதல் இரண்டு சானல்கள் 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தன. நம் நாட்டில் அது எஃப்.எம். ரேடியோவுக்கான இடம். நம் ஒளிபரப்பில் படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, அவர்களுக்கு 4.5. நம் டெலிவிஷன் தேடுகிற இடத்தில் சத்தம் இல்லை, ஆகவே ஊமை. கலரை அனுப்பும் முறையும் நமக்கு பால், அவர்களுக்கு என்.டி.எஸ்.சி. ஆகவே கறுப்பு வெள்ளை. இதில் மாமாவை யார் ஏமாற்றினார்கள், சொல்லுங்கள்!

இதற்கு வழி, தபாலே வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுவது. பெட்டிக்குள்ளே படமும் சத்தமும் அலையாக மாறுவதற்கு முன்பே தனித்தனியாக இருக்கின்றன. அவற்றை இரண்டு வயரில் வெளியே கொண்டுவந்து, டெலிவிஷனில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று இருக்கிற ஏ.வி. துளைகளில் செருகிவிட்டால் போதும். 1993-ல் அந்தக் கம்பெனியே இப்படி ஏ.வி. வசதியோடு இதே பெட்டியை மறுபடி வெளியிட்டதாம். எங்களிடம் இருப்பது அதற்கு முந்தினது. ஆகவே உள்ளே திறந்து ஈயம் வைத்தாக வேண்டும். "கடையில கொடுத்துப் பார்ப்போமா?" என்றார் என் கணவர். கடைக்காரர், "எரிஞ்சு போனா நான் பொறுப்பில்ல" என்றார். நியாயம்தான்.

"நான் வைக்கிறேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் பத்தாவது முடித்ததும், 1996 முதல் மூன்று வருஷம் சென்னை அம்பத்தூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தவள். என்னைப் போல நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, போர்டு போர்டாக ஈயம் வைத்துத் தள்ளுவோம். வளையலுக்கு மேலே ஒரு பட்டையைக் கட்டி அதை எர்த்தோடு இணைத்திருப்பார்கள். உடம்பில் சேர்கிற நிலை மின்சாரம் சில்லுகளைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு எழுந்ததில்லை. என்ன வேலை பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தோசை வார்க்கிற கை என்று மட்டும்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மாமாவிடம் போய் அனுமதி கேட்டேன். அவருக்கு இப்போது 80 வயது. "38 வருஷமாப் பேசாத சாமான். இனிமேலும் பேசலேன்னா என்னத்த நட்டம்? செஞ்சு பாரு தாயி" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "மேல் ஓட்டுல ஓட்டை மட்டும் போட்டுராதே" என்றார். அவர் அதைச் சும்மா விட்டுவிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கை பழக வேண்டாமா? செத்துப் போன ரேடியோ ஒன்றின் போர்டை எடுத்து இரண்டு மாலை நேரம் வயரை வைப்பதும் எடுப்பதுமாகப் பழகினேன். கை மறக்கவில்லை, கண்தான் ஒத்துழைக்கவில்லை. எனக்கு வெள்ளெழுத்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகன் பக்கவாட்டில் டார்ச் பிடிக்க உட்கார்ந்தேன். நைலக்ஸ் வேண்டாமென்று பருத்திப் புடவை. தொடங்குமுன் தண்ணீர்க் குழாயின் இரும்பைத் தொட்டுவிட்டு வந்தேன்.

உள்ளே படம் போடுகிற சில்லுக்கு 40 கால்கள். அதில் 21-வது காலில்தான் படம் வெளியே வருகிறது. அது மெலிந்த ஆள். டெலிவிஷன் வரைக்கும் நேராக அனுப்பினால் தாங்காது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் சில ரெசிஸ்டர்களும் ஒரு கன்டென்சரும் சேர்த்த சின்னப் போர்டு ஒன்றை வைத்து அதற்குத் தெம்பு கொடுக்க வேண்டும். அந்தப் போர்டை மகன் முதல் நாளே தயார் செய்திருந்தான். இரண்டு மூன்று டிரை சால்டர் இருந்தது, திருத்திக் கொடுத்தேன். சத்தத்தைச் சில்லிலிருந்து நேராக எடுக்காமல், கேசட் செருகுகிற இடத்தில் 46-வது முனையிலிருந்து எடுத்தோம். சில கேசட்டுகளுக்குள்ளேயே கூடுதல் சத்தச் சில்லு உண்டாம். இங்கே எடுத்தால்தான் அதுவும் சேர்ந்து வரும்.

21-வது காலில் சூட்டுக்கோலை வைத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்டக் கூடாது. பக்கத்துக் காலோடு ஒரு துளி ஈயம் ஒட்டினாலும் போச்சு. அந்தச் சில்லு கடையில் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை. உள்ளே அத்தை மிக்ஸியில் தேங்காய் அரைத்துக் கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு. எடுத்துவிட்டேன். ஈயம் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று காலைச் சுற்றி உட்கார்ந்தது. நல்ல சால்டருக்கு அதுதான் அடையாளம். வயரை, கைப்பிடி வயர்கள் வெளியே வருகிற சந்து வழியாகவே கொண்டுவந்தோம். ஓட்டில் கீறல்கூட இல்லை.

இந்த வேலையைத் தொடப்போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தை. நாம் வழக்கமாக வாங்குகிற ஈயக் கம்பியில் காரீயம் கலந்திருக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். சமையல் மேடையிலும் சாப்பாட்டு மேஜையிலும் இந்த வேலை வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. எழும்புகிற புகை ரோசினிலிருந்து வருவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்து, புகை முகத்துக்கு வராமல் ஃபேனைத் திருப்பி வையுங்கள். விளையாட்டுப் பெட்டியை, அடாப்டரைக் கழற்றிவிட்டுத் திறந்தால் பயமில்லை. ஆனால் பழைய பிக்சர் டியூப் டெலிவிஷனை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே உயிர் குடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும்.

அடாப்டர் விஷயமும் முக்கியம். இதனுடைய அசல் அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். மாமா அப்போதே அதற்கென்று ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்திருந்தார், கெட்டிக்காரர். இப்போது நாங்கள் புதிதாக 9 வோல்ட், ஒரு ஆம்பியர் அடாப்டர் வாங்கியிருக்கிறோம். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸாக இருக்கும். இந்தப் பெட்டிக்கு நடுப்பகுதி மைனஸாக இருக்க வேண்டும். பார்த்து வாங்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். சாமான்கள் எல்லாம் சேர்த்து, அடாப்டர் உட்பட, எங்களுக்கு 600 ரூபாய்க்குள் முடிந்தது. புதிய டெலிவிஷன்கள் சிலவற்றில் ஏ.வி. துளையே இல்லை, அவர்களுக்கு நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி தேவைப்படும்.

சாயங்காலம் ஹாலில் மாட்டினோம். மாரியோ கேசட். மகன் ஸ்விட்சைத் தள்ளினான்.

நீல வானம் வந்தது. பழுப்புச் செங்கல், பச்சைக் குழாய், சிவப்புத் தொப்பி. புள்ளி இல்லை, மழை இல்லை. 'டடங் டடங்' என்று அந்தப் பாட்டும் வந்தது. என் கணவருக்கு 47 வயது. எட்டு வயசுப் பையன் மாதிரி மகன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்து டெலிவிஷன் கிட்டப் போய் நின்றார். "கோபேயில கடையில இப்படித்தான் தெரிஞ்சுது. நான் பார்த்துட்டுத்தான் வாங்கினேன்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார். முதல் டம்ளர் மாமாவுக்கு.

நீல நிறம் நிறைகிற இடத்தில் உற்றுப் பார்த்தால் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிகின்றன. அந்த 21-வது காலைப் போர்டிலிருந்து தூக்கிவிட்டால் குறையும் என்கிறான் மகன். நான் சம்மதிக்கவில்லை. கோடு இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கால் முறிந்தால் வேறு கால் ஏது?

இன்னொரு விஷயம் அன்றைக்கே தெரிந்தது. "சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா, டும் டும்னு மட்டும் கேக்குது" என்றார் மாமா. எங்களுக்கோ காதைப் பிளக்கிறது. இந்தப் பெட்டியில் பாட்டின் மேல் ஸ்வரங்கள் ஒரு வழியிலும் கீழ் ஸ்வரங்கள் வேறு வழியிலும் உண்டாகின்றனவாம். அவருக்குக் கீழே உள்ளது மட்டும்தான் எட்டியிருக்கிறது. காது டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்தோம். வருஷக் கணக்கில் என்ஜின் சத்தத்தில் நின்றவர்களுக்கு உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும் என்றார் அவர். வீட்டில் நாங்கள் பேசினால் சில சமயம் பதில் வராததை, இத்தனை நாளும் அவர் சுபாவம் என்றல்லவா நினைத்திருந்தோம்!

காது மெஷினுக்கு அளவு கொடுத்திருக்கிறது. அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சத்தம் இப்போது தனி வயரில் வருகிறதே. அதிலிருந்து ஒரு கிளை எடுத்து, பழைய டேப் ரெக்கார்டர் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, ட்ரெபிளை ஏற்றி, ஸ்பீக்கரை மாமா நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அந்த வயரின் இரண்டு முனைக்கும் ஈயம் வைத்தது நான்தான். சாயங்காலம் பேரன் விளையாட, அவர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.