ஒரே எண்ணுக்கு இருவர்

கடற்கரைப் பங்குகளில் வாழ்வோர்க்கு இது புதிதன்று. ஒரே தெருவில் மூன்று சவேரியார்கள் இருப்பார்கள். தபால்காரர் ஊருக்குப் புதியவராயின், ஒருவருக்கு வந்த கடிதம் மற்றொருவர் திண்ணையில் கிடக்கும். எழுதியவர்மீதும் குற்றமில்லை, காத்திருந்தவர்மீதும் குற்றமில்லை. ஆயினும் பதில் வராத மனத்தாங்கல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். வைஃபை எனும் கம்பியில்லா இணைப்பு நம் இல்லங்களில் புகுந்தபின், இக்குழப்பம் வீட்டுக்குள்ளேயே நேரக் காண்கிறோம்.

ரூட்டரோடு இணையும் கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். அதுவே ஐ.பி. முகவரி. பெரும்பாலான வீடுகளில் அது 192.168 எனத் தொடங்கும். எண்ணற்ற இல்லங்களில் இவ்வெண்களே திரும்பத் திரும்ப வழங்குகின்றன, அதனால் கேடில்லை. நம் வீட்டுக் கதவெண் அடுத்த ஊரிலும் இருப்பது போன்றதே அது. ஒரே கூரையின்கீழ் இரு கருவிகள் ஓரெண்ணைக் கொண்டால்தான் துன்பம். இவ்வெண்களை ஒழுங்காகப் பங்கிட டி.எச்.சி.பி. என்ற ஏற்பாட்டை 1993-இல் வகுத்தனர். அதன்படி, கேட்கும் கருவிக்கெல்லாம் ரூட்டரே ஓர் எண்ணைக் குறித்த காலத்திற்குக் கடனாகக் கொடுத்து, பங்குப் பதிவேட்டைப்போல் ஒரு பட்டியலும் வைத்துக்கொள்கிறது. கேளாமலே ஓர் எண்ணைச் சூடிக்கொண்டு வருவோரைப் பற்றி அப்பட்டியலுக்கு ஏதும் தெரியாது. எங்கள் வீட்டுத் தொல்லையின் வேர் அங்கேதான் இருந்தது.

எங்கள் அன்னையாருக்கு வயது 84. தம்பி குவைத்தில் பணிபுரிகிறான். செபமாலை முடிந்ததும், இரவு ஏழரை மணியளவில், அவன் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுவது வழக்கம். அங்கே அப்போது மாலை ஐந்து மணி. சில மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் அப்பேச்சு இரண்டொரு நிமிடத்தில் அறுந்துபோயிற்று. முகம் உறைந்து நிற்கும், பின் மறையும். பூர்வீக வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றி ஏற்கெனவே சிறு கசப்பு இருந்தது. "வீட்டுப் பேச்சு வந்துவிடும் என்று அவனே வைத்துவிடுகிறான்" என்றார் அன்னையார். ஒரு சனிக்கிழமை மணி ஒலித்தபோது எடுக்கவும் மறுத்துவிட்டார். தம்பியோ, அம்மாதான் சினந்து துண்டிக்கிறார் என எண்ணியிருந்தான்.

கணினியாயின் முகவரி முரண்பாடு என்று ஓர் அறிவிப்பேனும் காட்டக்கூடும். அந்தக் கைப்பேசியோ வைஃபை குறியை ஏந்திக்கொண்டே வாய்மூடி இருந்தது. இணைப்பு வழங்குவோரின் ஆள் வந்து பார்த்து, கம்பியில் குறையில்லை என்று சொல்லிச் சென்றார். ரூட்டரை அணைத்து ஏற்றினோம். அடுத்த சனிக்கிழமை அதே கதை. சனிக்கிழமை மட்டும் ஏன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிறகே வழி புலப்பட்டது. பாடகர் குழுவிலுள்ள எங்கள் மகள், ஞாயிறு திருப்பலிக்கான பாடல் தாள்களை அச்சிடுவது சனி மாலையில்தான். பிற நாள்களில் பிரிண்டர் உறங்கும்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 192.168.1.100 முதல் 199 வரை அது கடன் கொடுக்கும் எண்கள். அவற்றுள் 105 அன்னையாரின் கைப்பேசிக்கு. பிரிண்டரின் பெயரோ பட்டியலில் இல்லவே இல்லை. பிரிண்டரிடமே அதன் வலையமைப்பு விவரத்தாளை அச்சிடச் செய்தோம், அதிலும் 105! ஓர் அலுவலகத்தில் இருந்து உறவினர் வழியாக வந்த பழைய பிரிண்டர் அது. அங்கிருந்தோர் அவ்வெண்ணை நிலையாக எழுதி வைத்திருந்தனர். ஐயம் தீரக் கைப்பேசியை அணைத்துவிட்டு, கணினியில் பிங் கட்டளை கொடுத்து 105-ஐ அழைத்தோம். பதில் வந்தது.

உள்ளே நிகழ்வது இதுதான். வந்த செய்தியை ஒப்படைக்குமுன், "105 யார்?" என ரூட்டர் வீடு முழுவதும் குரல் கொடுக்கும். 1982 முதல் உள்ள இம்முறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். எண்ணுக்குரியவர், தொழிற்சாலையில் பெற்ற தம் 12 எழுத்தெண் அடையாளத்தைச் சொல்வார். இருவர் பதில் சொன்னால், பெரும்பாலும் பின்னர் வந்த பதிலே நினைவில் நிற்கும். ஆகவே தம்பியின் முகமும் குரலும் நேரே பிரிண்டரிடம் போய்ச் சேர்ந்தன. அது அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? எறிந்துவிட்டது.

பரிகாரம் கால்மணி நேர வேலை. பிரிண்டரில் நிலையான எண்ணை நீக்கி, தானாகப் பெறும்படி மாற்றினோம். அதன் 12 எழுத்தெண்ணை ரூட்டரில் பதிந்து, 150-ஐ அதற்கெனவே ஒதுக்கினோம். கணினியிலும் பிரிண்டரைப் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இதை மறப்போர் பலர். மாடியறைக்கென இரண்டாவது ரூட்டர் வாங்குவோர்க்கும் ஒரு சொல்: இரண்டும் தனித்தனியே எண் வழங்கினால் இதே கலகம்தான். இரண்டாவதில் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, அதன் சொந்த எண்ணும் முதலாவதின் எண்ணாக இராதவாறு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பாடல் தாள்கள் அச்சாகிக்கொண்டிருக்கையிலேயே தம்பி அழைத்தான். பிரிண்டர்தான் காரணம் என்பதை அன்னையார் அப்போதும் முழுதும் நம்பவில்லை. ஆயினும் எடுத்தார். 40 நிமிடம் பேசினார்கள். பாகப் பேச்சும் வந்தது. கிணற்றடிப் பக்கம் யாருக்கு என்பதில் மட்டும் ஒப்புதல் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வரும்போது அதைப் பேசிக்கொள்வதாக வைத்திருக்கிறார்கள்.