ரயிலுக்கு இன்னும் எட்டு மணி நேரம்!

மெட்ராஸில் குடியிருப்பவனுக்கு மாச பட்ஜெட்டில் வாடகை, பால், கரண்ட் தவிர இன்னொரு அயிட்டமும் உண்டு: 'ஊரிலிருந்து வந்தவர்கள்.' பி.காம். படித்தவன் என்ற முறையில் இதை நான் 'எதிர்பாராத செலவு' என்ற தலைப்பில் எழுதுவதில்லை. மாசா மாசம் வருவது எப்படி ஸார் எதிர்பாராததாகும்?

தெற்கத்தி ஜனங்கள் இறங்குவது எழும்பூர். தங்குவதும் பெரும்பாலும் அங்கேயேதான்... கென்னட் லேன் பக்கம் ஒரு லாட்ஜ். இந்த லாட்ஜ்களில் ஒரு சட்டம் உண்டு. இன்றைக்கு எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்களோ, நாளைக்கு அத்தனை மணிக்குப் பெட்டியோடு வெளியே வந்துவிட வேண்டும். ஊருக்கு ரயிலோ ராத்திரிதான். நடுவில் கிடக்கும் எட்டு மணி நேரத்தை என்ன செய்வது? பிளாட்ஃபாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து கொட்டாவி விடுவதுதான் நம் மரபு.

போன மாசம் அக்கா பையன் வந்திருந்தான். அவனும் பி.காம்.தான். பரம்பரை வியாதி! ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. காலை பத்து மணிக்குப் போனவன் பதினொன்றரைக்கே லாட்ஜுக்குத் திரும்பிவிட்டான். முகத்திலேயே ரிசல்ட் எழுதியிருந்தது.

"என்னடா சொன்னாங்க?"

"மெயில் அனுப்பறோம்னாங்க மாமா."

இது அவனுக்கு நாலாவது 'மெயில் அனுப்பறோம்.' ரிசப்ஷனில் பெட்டியை வைத்துவிட்டு, "வாடா, சும்மா நடந்துட்டு வரலாம்" என்று கிளப்பினேன்.

முதலில் ஸ்டேஷன். அந்தச் சிவப்புக் கட்டடம் திறந்தது 1908-ல். ஒரு காலத்தில் இங்கே கொழும்புக்கே டிக்கெட் கிடைக்கும். போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டதோடு அந்த வழி முடிந்தது. சொன்னேன். பையன் "ம்" என்றான்.

அடுத்து, பூந்தமல்லி ஹைரோடு பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச். அண்ணாந்து பார்த்தால் வட்டக் கூரையில் நீல வானமும் நட்சத்திரங்களும். ஆனால் விசேஷம் மேலே இல்லை, கீழே. இடம் களிமண் பூமி. சாதாரண அஸ்திவாரம் தாங்காது. கட்டியவர் டி ஹாவிலண்ட் என்ற ராணுவ இன்ஜினீயர். நம்மூர் முறைப்படி செங்கல் கிணறுகளாகப் பூமிக்குள் இறக்கி, அதன் மேல் கட்டடத்தை நிறுத்திவிட்டார். 1821-ல் திறந்தது. இருநூறு வருஷம் தாண்டியும் ஜம்மென்று நிற்கிறது.

"கிணத்து மேலயா நிக்குது மாமா?" என்றான். அன்று மத்தியானம் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

அங்கிருந்து பாந்தியன் ரோடு மியூசியம். வெள்ளைக்கார துரைமார்கள் கூடி நடனமாடிய 'பாந்தியன்' இருந்த இடம். 1851-ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் பொறுப்பில் ஆரம்பித்த மியூசியம், அப்புறம் இங்கே குடிவந்தது. மனுஷர் 1855-ல் இதே காம்பவுண்டில் மிருகக் காட்சிசாலையும் ஆரம்பித்துவிட்டார். அது பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, 1985-ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. அதாவது, வண்டலூர் புலிக்குப் பூர்வீகம் எழும்பூர்!

அமராவதி பளிங்குச் சிற்பங்கள், சோழர் காலத்து நடராஜர்கள் எல்லாம் பார்த்தோம். பையனை நிறுத்தி வைத்தது என்னவோ காசு சமாசாரம்தான். இந்த மியூசியத்தின் நாணயச் சேகரிப்பில் ரோமானியக் காசுகள் உண்டு. நம் மண்ணைத் தோண்டினால் ரோமாபுரிக் காசு எப்படி வரும்? மிளகு, முத்து, துணி இங்கிருந்து போனது, தங்கமும் வெள்ளியும் அங்கிருந்து வந்தது. இந்தியாவுக்கு இவ்வளவு பணம் போகிறதே என்று பிளினி என்ற ரோமானியர் அப்போதே புலம்பி வைத்திருக்கிறார்.

"அப்ப நமக்கு டிரேட் சர்ப்ளஸ் மாமா!" என்றான். தொடர்ந்து ஏற்றுமதி, இறக்குமதி, அந்நியச் செலாவணி என்று பத்து நிமிஷம் விளாசித் தள்ளினான். பக்கத்தில் நின்ற ஸ்கூல் பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். முடித்துவிட்டுச் சட்டென்று குரல் இறங்கியது.

"இன்னிக்கு இதைத்தான் கேட்டாங்க. ஏற்றுமதி பத்தி ரெண்டு நிமிஷம் பேசுன்னாங்க. வாயே வரலை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதே காம்பவுண்டில் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். 1896-ல் திறந்தது. 1954-ம் வருஷச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புஸ்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நாலு நூலகங்களில் ஒன்று. ஆனால் அவன் பார்த்தது புஸ்தகங்களை அல்ல. மேஜை மேஜையாக, குனிந்த தலையோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவன் வயசுப் பசங்களை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நான் மட்டும் இல்லை போல மாமா..."

டீ வாங்கிக் கொடுத்து ரயிலேற்றினேன். மொத்தச் செலவு கணக்கில் எழுதும்படி இல்லை. நீங்களும் போவதானால், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். மியூசியத்துக்கு அன்று லீவு.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். "புள்ளைக்கு என்னடா காட்டினே? வேலை என்னாச்சுன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் மிளகுக் கதை சொல்றான். நாக்குத் தடுமாறாம சொல்றான்டா!"

அடுத்த இன்டர்வியூ இந்த மாசக் கடைசியில். நேற்று அவனே கேட்டான்:

"திரும்பற ரயில் ராத்திரிதானே மாமா?"