அம்மம்மா வீட்டுப் பலகைகள்

யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின்ர மேல்வீட்டை இடிக்கிறதென்று போன வருசம் முடிவானது. சுவரெல்லாம் வெடித்துவிட்டது, திருத்திப் பயனில்லை. பேரப்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: மேல்தளத்து முதிரைப் பலகைகளை விற்கக்கூடாது, புதுவீட்டில் ஒரு அறைக்காவது அதையே தரையாகப் போடவேண்டும்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, யன்னலும் இல்லை. இறுக்கி ஆணியடித்த இந்தத் தளம்தான் மிஞ்சியிருந்ததாம்.

கழற்றின பிறகுதான் பழைய மரத்தின் குணம் விளங்கியது. மேற்பக்கம் நடந்து நடந்து தேய்ந்து கறுத்திருந்தது. ஒரு இழைப்பு இழைத்ததும் உள்ளேயிருந்து முதிரையின் மஞ்சள் மினுக்கம். "எத்தினை மாரி கோடை கண்ட மரம், இனிப் பெரிசா முறுக்காது" என்றார் தச்சுவேலை செய்யிற அண்ணை. ஆனால் ஒரு ஆணி தப்பினாலும் வாளின் பல்லுப் போய்விடும். இரண்டு நாளாகக் காந்தத்தால் தடவித் தடவி ஆணி பிடுங்கினோம்.

மூன்றாம் நாள் ஒரு பலகையில் காந்தம் ஒட்டியது, ஆணித்தலையைக் காணவில்லை. பாதி ஆழத்தில் ஒரு செல் துண்டு, சுற்றிவர மரம் கறுத்துப்போய். எங்களுக்கெண்டால் பெரிய புளுகம். கொழும்புக் கோப்பிக்கடைகளில் பழைய மரத்தின் ஓட்டையும் கீறலும்தானே அழகு! அறையின் நடுவில் இதைத்தான் போடுவதென்று முடிவெடுத்து, படமும் எடுத்துவிட்டோம்.

அம்மா வந்து குனிந்து விரலை வைத்துப் பார்த்தா.

"தொண்ணூறு. கோட்டைச் சண்டை. இந்தப் பலகைக்குக் கீழதான் படுத்துக் கிடந்தனாங்கள். இது தாங்காட்டி, அது எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

"எறியாதேங்கோ. ஆனா ஒவ்வொரு நாளும் உதைப் பாத்துக்கொண்டு என்னாலை வீடு கூட்டேலாது."

மக்கு வைத்து அடைக்கலாம் என்றார் அண்ணை. அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் பலகையைப் புரட்டிப் போட்டோம். ஒருகாலம் கீழ்வீட்டுக்குக் கூரையாக இருந்த பக்கம் மேலே வந்தது. அதில் அம்மம்மாவின்ர விளக்குப் புகை படிந்த கறையொன்று இருந்தது. அதை நாங்கள் இழைக்கவில்லை.

வாறவை தரை வடிவா இருக்கு என்கினம். எந்தப் பலகை என்று நாங்கள் சொல்லுறேல்லை. இதை எழுதலாமோ என்று அம்மாவிடம் கேட்டோம்.

"எழுதுங்கோ. படம் போடாதேங்கோ."